லேப்டாப்பில் கிராஃபிக்ஸ் கார்டைக் காணோமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிராஃபிக்ஸ் கார்டைக் காணோம் என்று உதவி கேட்பவர்களில் பெரும்பாலானோர் அதற்குள் டிரைவரை (கார்டை இயக்க விண்டோஸுக்குத் தேவையான மென்பொருள்) இரண்டு மூன்று தடவை அழித்துப் போட்டுப் பார்த்திருப்பார்கள். ஒன்றும் நடந்திருக்காது. ஏனென்றால் கார்டு தெரியாமல் போவதற்கு மூன்று நிலைகள் உண்டு. ஒன்று, மதர்போர்டே கார்டைப் பார்க்கவில்லை. இரண்டு, கார்டைப் பார்க்கிறது, ஆனால் டிரைவர் இல்லை அல்லது கெட்டுவிட்டது. மூன்று, எல்லாம் ஒழுங்காக இருக்கிறது, கார்டு சும்மா தூங்குகிறது. டிரைவரை மாற்றிப் போடுவது இரண்டாவது நிலைக்கு மட்டும்தான் மருந்து. நம்முடையது எந்த நிலை என்று கண்டுபிடிக்கப் பத்து நிமிடம் செலவழித்தால் ஒரு நாள் முழுக்க வீணாகாது. கீழே உள்ள பதில்கள் அந்த வரிசையில்தான் போகின்றன.

என் லேப்டாப்பில் தனி கிராஃபிக்ஸ் கார்டு இருக்கிறதா என்று எப்படி உறுதிசெய்வது?

சிரிக்காதீர்கள், நிறையப் புகார்கள் இந்த இடத்திலேயே முடிந்துவிடுகின்றன. ஒரே மாடல் பெயரில் ஏழெட்டு வகை விற்பார்கள். ஒன்றில் தனி கார்டு இருக்கும், இன்னொன்றில் பிராசஸருக்குள் இருக்கும் கிராஃபிக்ஸ் மட்டுமே இருக்கும். இணையத்தில் படித்த விமர்சனம் ஒரு வகையைப் பற்றியது, கையில் இருப்பது வேறு வகை. லேப்டாப்பின் அடியில் இருக்கும் சீரியல் எண்ணைத் தயாரிப்பாளரின் சப்போர்ட் தளத்தில் போட்டால், தொழிற்சாலையை விட்டு வரும்போது உள்ளே என்னென்ன இருந்தது என்று பெரும்பாலும் காட்டிவிடும். அதை நம்புங்கள், மேலே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை அல்ல.

பெயரை வைத்தும் ஓரளவு சொல்லலாம். இன்டெல் யுஹெச்டி, ஐரிஸ் எக்ஸ்இ என்றால் பிராசஸரோடு வந்தது. எண் எதுவும் இல்லாமல் வெறும் ரேடியான் கிராஃபிக்ஸ் என்று இருந்தாலும் அப்படித்தான். ஜீஃபோர்ஸ் என்றால் தனி கார்டு. குழப்பம் தருபவை இரண்டு: ரேடியான் 680எம், 780எம் போன்றவை எண்ணோடு வந்தாலும் பிராசஸருக்குள் இருப்பவையே (ஆர்எக்ஸ் என்ற எழுத்துகள் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் தனி கார்டு). இன்டெல் ஆர்க் என்ற பெயரோ இரண்டு வகைக்கும் வைக்கப்படுகிறது, மாடல் எண்ணைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

டிவைஸ் மேனேஜரில் இன்டெல் மட்டும் தெரிகிறது, என்விடியா இல்லை. கார்டு செத்துவிட்டதா?

இல்லாமலும் இருக்கலாம். டிவைஸ் மேனேஜரில் (கணினியின் பாகங்களைப் பட்டியலிடும் விண்டோஸ் ஜன்னல்) டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் என்ற பிரிவை மட்டும் பார்த்துவிட்டு முடிவுக்கு வராதீர்கள். அதே ஜன்னலில் அதர் டிவைசஸ் என்று ஒரு பிரிவு இருக்கிறதா பாருங்கள். டிரைவர் இல்லாத என்விடியா கார்டு அங்கே 3டி வீடியோ கன்ட்ரோலர் என்ற பெயரில், மஞ்சள் முக்கோணத்தோடு உட்கார்ந்திருக்கும். அதன் மேல் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ், டீட்டெய்ல்ஸ் டேப், அங்கே ஹார்டுவேர் ஐடி என்பதைத் தேர்ந்தெடுங்கள். நீளமாக ஒரு வரி வரும். அதில் விஇஎன் (VEN) என்ற எழுத்துகளை அடுத்து வரும் நான்கு இலக்கம்தான் சிப் தயாரித்தவரின் அடையாளம்: 10டிஇ (10DE) என்றால் என்விடியா, 1002 என்றால் ஏஎம்டி, 8086 என்றால் இன்டெல். அடுத்து டிஇவி (DEV) என்று தொடங்கும் நான்கு இலக்கம் எந்தச் சிப் என்பதைச் சொல்லும். அந்த வரியை அப்படியே தேடுபொறியில் போட்டால் கார்டின் பெயர் வந்துவிடும்.

10டிஇ கண்ணில் பட்டுவிட்டால் பெரிய கவலை தீர்ந்தது. கார்டுக்கு மின்சாரம் போகிறது, மதர்போர்டு அதைப் பார்க்கிறது. மிச்சம் டிரைவர் வேலை.

அங்கும் இல்லையென்றால் வியூ மெனுவில் ஷோ ஹிடன் டிவைசஸ் என்பதைத் தட்டுங்கள். இப்போது கார்டின் பெயர் மங்கலாகத் தெரிந்து, உள்ளே கோடு 45 (Code 45) என்ற பிழை எண் இருந்தால், விண்டோஸுக்கு அந்தக் கார்டை முன்பு தெரியும், இந்த நிமிடம் அது இணைப்பில் இல்லை என்று பொருள். யாரோ அதை அணைத்திருக்கிறார்கள், அல்லது அது தானாகவே விழுந்துவிட்டது. அணைத்தது யார் என்பதுதான் அடுத்த கேள்வி.

யாரும் அணைக்கவில்லையே?

லேப்டாப்போடு வந்த மென்பொருள் அணைத்திருக்கும். பேட்டரி நேரத்தைக் கூட்டுவதற்காக இப்போதைய கேமிங் லேப்டாப்கள் பலவற்றில் தனி கார்டின் மின்சாரத்தை முழுக்கத் துண்டிக்கும் வசதி இருக்கிறது. ஏசுஸின் ஆர்மரி கிரேட்டில் அதற்கு எக்கோ மோடு என்று பெயர். அங்கேயே ஆப்டிமைஸ்டு என்று இன்னொன்று உண்டு, அது சார்ஜரை எடுத்தவுடன் கார்டை அணைத்து, சொருகினால் திரும்ப எழுப்பும். லெனோவோ லீஜியனில் ஹைப்ரிட் ஐஜிபியு என்ற பெயரில் வரும். இவற்றில் ஒன்று ஓடும்போது டிவைஸ் மேனேஜரில் கார்டு தேடினாலும் கிடைக்காது, கழற்றிவைத்த மாதிரிதான்.

சார்ஜர் போட்டால் கார்டு வருகிறது, எடுத்தால் காணாமல் போகிறது என்று சொல்பவர்களுக்கு முக்கால்வாசி இதுதான் காரணம். பழுது இல்லை, செட்டிங். அந்த மென்பொருளைத் திறந்து ஸ்டாண்டர்டு அல்லது ஹைப்ரிட் என்று மாற்றி, ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். ஒரு சிக்கல் என்னவென்றால், எக்கோ மோடில் இருக்கும்போதே அந்த மென்பொருளை அன்இன்ஸ்டால் செய்துவிட்டால் அல்லது விண்டோஸையே புதிதாகப் போட்டுவிட்டால் சில மாடல்களில் அந்த அமைப்பு பயாஸிலேயே (விண்டோஸுக்கு முன்பே ஓடும், மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) பதிந்து நின்றுவிடும். ஃபார்மட் செய்தும் கார்டு வரவில்லையே என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் இந்த வலையில் மாட்டியவர்கள்தாம். தயாரிப்பாளரின் மென்பொருளைத் திரும்ப இன்ஸ்டால் செய்து மோடை மாற்றுவதே நேர்வழி.

பயாஸில் எதைப் பார்க்க வேண்டும்?

கிராஃபிக்ஸ், டிஸ்ப்ளே, ஸ்விட்சபிள், ஹைப்ரிட், டிஸ்க்ரீட், யுஎம்ஏ இந்தச் சொற்களில் ஏதாவது ஒன்று எந்த மெனுவில் இருக்கிறதோ அங்கே. யுஎம்ஏ என்று வைத்திருந்தால் பிராசஸரின் கிராஃபிக்ஸ் மட்டும்தான் வேலை செய்யும், ஹைப்ரிட் என்று மாற்றுங்கள். எல்லா லேப்டாப்பிலும் இந்த மெனு இருக்காது. உங்களுடையதில் இல்லையென்றால் பயாஸை டிஃபால்ட் நிலைக்குத் திருப்புவது மட்டும் போதும்.

ஆனால் பயாஸைத் தொடுவதற்கு முன்னால் ஒன்று. டிஸ்க், விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருக்கிறதா, அதன் ரிக்கவரி கீ உங்கள் கையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 11 பல லேப்டாப்களில் இதைக் கேட்காமலே போட்டுவிடுகிறது. பயாஸில் ஏதாவது மாறினால் அடுத்த தடவை ஆன் செய்யும்போது 48 இலக்க எண் கேட்டு நீலத் திரை வந்து நிற்கலாம். கார்டைத் தேடப் போய்க் கோப்புகளைத் தொலைக்கக் கூடாது. அந்த எண் பொதுவாக உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் பதிவாகியிருக்கும், அதை முதலில் வேறோர் இடத்தில் எழுதிவைத்துவிட்டு மேலே போங்கள்.

நேற்றுவரை இருந்தது, இன்று காணோம். எதையும் மாற்றவில்லை.

அப்படியென்றால் முதலில் மின்சாரத்தை முழுக்க வடித்துப் பாருங்கள். லேப்டாப்பை ஷட்டவுன் செய்து, சார்ஜர், மவுஸ், பென்டிரைவ் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, பவர் பட்டனை அரை நிமிடம் போல அழுத்திப் பிடியுங்கள். பேட்டரியைக் கழற்ற முடிகிற லேப்டாப் என்றால் அதையும் கழற்றிவிட்டுச் செய்யலாம். சில மாடல்களில் அடியில் ஊசித் துளை அளவுக்கு ஒரு ரீசெட் பட்டன் இருக்கும். கார்டுக்கு எப்போது மின்சாரம் தரலாம், எப்போது நிறுத்தலாம் என்பதை மதர்போர்டில் இருக்கும் ஒரு சின்னக் கன்ட்ரோலர் பார்த்துக்கொள்கிறது. அது ஏதாவது ஒரு நிலையில் மாட்டிக்கொண்டால் சாதாரண ரீஸ்டார்ட்டில் விடுபடாது.

இங்கே விண்டோஸின் ஒரு குணத்தையும் சொல்ல வேண்டும். ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் ஆன் ஆகியிருந்தால் ஷட்டவுன் என்பது உண்மையான ஷட்டவுன் இல்லை, டிரைவர்களின் நிலையைக் கோப்பில் எழுதிவைத்துவிட்டு அடுத்த தடவை அதையே திரும்ப ஏற்றுகிறது. கெட்டுப்போன நிலையும் பத்திரமாகத் திரும்பி வரும். ரீஸ்டார்ட் கொடுத்தால் அப்படி நடப்பதில்லை. ஷிஃப்ட் கீயைப் பிடித்துக்கொண்டு ஷட்டவுனைத் தட்டினாலும் முழு ஷட்டவுன் ஆகும். தினமும் ஷட்டவுன் செய்கிறேனே என்பவர்கள் ஒரு தடவை ரீஸ்டார்ட் செய்து பாருங்கள்.

மஞ்சள் முக்கோணம் வந்திருக்கிறது. உள்ளே ஏதோ கோடு எண் காட்டுகிறது. அதற்கு என்ன பொருள்?

கார்டின் பிராப்பர்ட்டீஸைத் திறந்தால் டிவைஸ் ஸ்டேட்டஸ் என்ற பெட்டியில் அந்த எண் இருக்கும். கோடு 22 என்றால் கார்டு டிசேபிள் செய்யப்பட்டிருக்கிறது, ரைட் கிளிக் செய்து எனேபிள் கொடுத்தால் தீர்ந்தது. 28 என்றால் டிரைவரே போடவில்லை. 39 வந்தால் டிரைவர் கோப்பு கெட்டுவிட்டது அல்லது காணாமல் போய்விட்டது. 52 வந்தால் டிரைவரின் டிஜிட்டல் கையொப்பத்தை விண்டோஸ் ஏற்கவில்லை, எங்கிருந்தோ இறக்கிய டிரைவர் என்று சந்தேகப்படலாம். 12 என்பது கார்டு கேட்கும் முகவரி இடம் கிடைக்கவில்லை என்பது. வெளியிலிருந்து கேபிளில் இணைக்கும் கார்டுகளில் அதைப் பார்க்கலாம், பயாஸ் அப்டேட்டில் சில சமயம் சரியாகும்.

எல்லோரும் பயப்படும் எண் 43. கார்டு தனக்குக் கோளாறு என்று தானே அறிவித்ததால் விண்டோஸ் அதை நிறுத்திவைத்திருக்கிறது, அவ்வளவுதான் அதன் பொருள். என்ன கோளாறு என்று அது சொல்லாது. 43 வந்தாலே கார்டு போச்சு என்று கடைகளில் சொல்லிவிடுவார்கள், அது அவசரத் தீர்ப்பு. டிரைவரைச் சுத்தமாக அழித்துவிட்டு லேப்டாப் தயாரிப்பாளர் தளத்தில் இருக்கும் பழைய டிரைவரைப் போட்டவுடன் 43 மறைந்துவிடுவதும் உண்டு. அதே சமயம், புதிதாகப் போட்ட விண்டோஸில், சரியான டிரைவரோடு, கார்டு கொஞ்சம் சூடானதும் மட்டும் 43 வருகிறது என்றால் சிப்பின் மேல்தான் சந்தேகப்பட வேண்டும். எப்போது வருகிறது என்பதைக் கவனியுங்கள்: ஆன் செய்தவுடனா, தூக்க நிலையிலிருந்து எழுப்பும்போதா, கேம் தொடங்கிக் கொஞ்ச நேரம் கழித்தா? எண்ணைவிட இந்தத் தகவல் பழுது பார்ப்பவருக்கு அதிகம் உதவும்.

டிரைவரை எங்கிருந்து எடுப்பது? லேப்டாப் கம்பெனியிடமிருந்தா, சிப் கம்பெனியிடமிருந்தா?

கார்டு ஒழுங்காக ஓடுகிறது, புது கேமுக்காக அப்டேட் வேண்டும் என்றால் என்விடியா, ஏஎம்டி, இன்டெல் தளத்திலிருந்தே எடுக்கலாம். கார்டு தெரியவில்லை, கோடு எண் வருகிறது, தூங்கி எழுந்தால் தொங்குகிறது என்றால் முதலில் லேப்டாப் தயாரிப்பாளர் தளத்தில் உங்கள் மாடலுக்கென்று போட்டிருப்பதை எடுங்கள். அது இரண்டு வருடம் பழையதாக இருக்கும், பரவாயில்லை. இரண்டு கிராஃபிக்ஸும் ஒன்றுக்கொன்று வேலையை மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு அந்த மாடலில் எப்படிச் செய்யப்பட்டிருக்கிறதோ அதை வைத்துச் சோதித்த டிரைவர் அது.

முன்பு இன்டெல் தளத்து டிரைவரைப் போடப்போனால், இந்தக் கணினிக்கு இது சரிபார்க்கப்படவில்லை என்று சொல்லி மறுத்துவிடும். 2020 ஏப்ரலில் அந்தத் தடையை இன்டெல் நீக்கிவிட்டது. இன்றும் சில பழைய லேப்டாப்களில் அந்தச் செய்தி வந்தால், இறக்கியது பழைய பேக்கேஜ் என்று பொருள்.

ஒரே கிளிக்கில் எல்லா டிரைவரையும் அப்டேட் செய்கிறோம் என்று விளம்பரம் செய்யும் மென்பொருள்கள் வேண்டவே வேண்டாம். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

டிரைவரைச் சுத்தமாக அழித்துப் போடுவது எப்படி?

இதை அவசரப்படாமல் வரிசையாகச் செய்ய வேண்டும். பாதிப் பேருக்குப் பலன் தராமல் போவதற்குக் காரணம் வரிசை தவறுவதுதான்.

முதலில் தேவையான டிரைவர்கள் எல்லாவற்றையும் இறக்கி டிஸ்கில் வைத்துக்கொள்ளுங்கள்: சிப்செட் டிரைவர் (மதர்போர்டுக்கானது), பிராசஸருக்குள் இருக்கும் கிராஃபிக்ஸுக்கான டிரைவர், தனி கார்டின் டிரைவர். கூடவே டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர் என்ற இலவசக் கருவியையும் எடுத்துக்கொள்ளுங்கள், சுருக்கமாக டிடியு என்பார்கள். ஒரு ரீஸ்டோர் பாயின்ட் (தவறினால் பழைய நிலைக்குத் திரும்ப உதவும்) போட்டுவிடுங்கள். பிறகு வைஃபையை அணையுங்கள். கேபிள் சொருகியிருந்தால் அதையும் பிடுங்குங்கள். நெட் ஓடிக்கொண்டிருந்தால் நீங்கள் பழையதை அழித்த மறுநிமிடமே விண்டோஸ் அப்டேட் தன் பங்குக்கு ஒரு டிரைவரைக் கொண்டுவந்து போட்டுவிடும். சுத்தம் செய்ததற்குப் பொருளே இல்லாமல் போகும்.

அடுத்து சேஃப் மோடு, அதாவது மிகக் குறைந்த டிரைவர்களோடு விண்டோஸ் ஓடும் நிலை. ஷிஃப்ட் பிடித்துக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுத்தால் வரும் நீலத் திரையில் டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்டப் செட்டிங்ஸ் என்று போய் ரீஸ்டார்ட் கொடுத்து 4 அழுத்த வேண்டும். பிட்லாக்கர் இருந்தால் இங்கும் ரிக்கவரி கீ கேட்கலாம். சேஃப் மோடில் பின் எண் வேலை செய்யாமல் போக வாய்ப்பிருக்கிறது, கணக்கின் பாஸ்வேர்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே போனதும் டிடியுவில் ஜிபியு (கிராஃபிக்ஸ் சிப்) என்பதையும், எந்தக் கம்பெனியுடையது என்பதையும் தேர்ந்தெடுத்து, க்ளீன் அண்ட் ரீஸ்டார்ட் கொடுங்கள்.

திரும்பி வந்ததும் திரை மங்கலாக, எழுத்தெல்லாம் பெரிதாகத் தெரியலாம். டிஸ்ப்ளே அடாப்டர்ஸில் மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர் என்று இருந்தால் பயப்படாதீர்கள், அது டிரைவர் இல்லாத இடத்தில் விண்டோஸ் வைக்கும் தற்காலிக மாற்று. இப்போது சிப்செட், அடுத்து உள் கிராஃபிக்ஸ், கடைசியாகத் தனி கார்டு, ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு ரீஸ்டார்ட். கலப்பு கிராஃபிக்ஸ் லேப்டாப்பில் (உள் கிராஃபிக்ஸ், தனி கார்டு இரண்டும் உள்ளது) திரை பொதுவாக உள் கிராஃபிக்ஸோடுதான் இணைந்திருக்கும். என்விடியா கார்டு படத்தைத் தயாரித்து அதனிடம் கொடுக்கும், திரைக்கு அனுப்புவது அதன் வேலை. 2010ல் ஆப்டிமஸ் என்ற பெயரில் என்விடியா கொண்டுவந்த ஏற்பாடு இது. வாங்கிக்கொள்ளும் கை தயாராக இல்லாமல் கொடுக்கும் கையைத் தயார் செய்து பயனில்லை, அதனால்தான் இந்த வரிசை.

சரியான டிரைவரைப் போட்டாலும் விண்டோஸ் அப்டேட் வேறொன்றை மாற்றிப் போட்டுவிடுகிறது.

ஆமாம், இது நடக்கிறதுதான். ஏஎம்டியின் மென்பொருளே, விண்டோஸ் அப்டேட் உங்கள் டிரைவரை மாற்றியிருக்கலாம் என்று எச்சரிக்கை காட்டும் அளவுக்கு இது பழகிப்போன தொல்லை. ப்ரோ பதிப்பு வைத்திருந்தால் குரூப் பாலிசியில் விண்டோஸ் அப்டேட்டோடு டிரைவர்களைச் சேர்க்க வேண்டாம் என்று ஓர் அமைப்பு இருக்கிறது, அதை எனேபிள் செய்யுங்கள். ஹோம் பதிப்பில் டிவைஸ் இன்ஸ்டலேஷன் செட்டிங்ஸ் என்று தேடித் திறந்து நோ கொடுக்கலாம். அதிகம் அடம்பிடித்தால் டிவைஸ் மேனேஜரில் ரோல் பேக் டிரைவர் பட்டன் முந்தைய டிரைவருக்குத் திருப்பிக் கொண்டுவரும். அந்தப் பட்டன் மங்கலாக இருந்தால் திரும்பிப்போக முந்தைய டிரைவர் எதுவும் சேமிப்பில் இல்லை.

இன்ஸ்டாலரே, பொருந்தும் ஹார்டுவேர் கிடைக்கவில்லை என்று சொல்லி நின்றுவிடுகிறது.

கார்டு ஹார்டுவேர் ஐடியில் தெரிகிறது, ஆனாலும் இன்ஸ்டாலர் இப்படிச் சொல்கிறது என்றால் பெரும்பாலும் கார்டுக்கு வயதாகிவிட்டது, புதிய டிரைவர் அதைக் கைவிட்டுவிட்டது. ஜீஃபோர்ஸ் 600எம், 700எம் காலத்துக் கெப்ளர் சிப்களுக்கு, லேப்டாப் வகையைப் பொறுத்தவரை, புது கேம் டிரைவர் 2019லேயே நின்றுபோனது. அடுத்த தலைமுறைகளான மேக்ஸ்வெல், பாஸ்கல் சிப்களுக்கு 2025 அக்டோபரோடு கேம் டிரைவர் முடிந்தது. அதன் பிறகு 2028 அக்டோபர் வரை பாதுகாப்பு அப்டேட் மட்டும் வரும் என்று என்விடியா அறிவித்திருக்கிறது. ஜிடிஎக்ஸ் 1050, 1060 மட்டுமல்ல, மெல்லிய லேப்டாப்களில் நிறையப் பேர் வைத்திருக்கும் எம்எக்ஸ்150, எம்எக்ஸ்250, எம்எக்ஸ்350 மூன்றும் பாஸ்கல்தான். ஏஎம்டியும் தன் பழைய ஜிசிஎன் சிப்களில் முதல் மூன்று தலைமுறைகளை 2021 ஜூனில் ஓய்வுக்கு அனுப்பிவிட்டது.

இப்படிப்பட்ட கார்டுகளுக்குத் தளத்தின் முகப்பில் கண்ணில் படும் புதிய டிரைவரை இறக்காமல், உங்கள் கார்டின் பெயரைத் தேர்ந்தெடுத்துத் தேடுங்கள். அதற்கான கடைசி டிரைவர் வரும். டெஸ்க்டாப் கார்டு, நோட்புக் கார்டு என்று இரண்டு வரிசை இருக்கும், நோட்புக்கைத் தேர்ந்தெடுக்க மறந்துவிடாதீர்கள்.

டாஸ்க் மேனேஜரில் ஜிபியு 1 இருக்கிறது, ஆனால் எப்போதும் பூஜ்யம் சதவீதம்தான். கேம் மெதுவாக ஓடுகிறது.

கார்டு இருக்கிறது, டிரைவரும் சரி. வேலை அதனிடம் போகவில்லை, மூன்றாவது நிலை. செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, கிராஃபிக்ஸ் என்று போய் அந்த கேமின் இயங்குகோப்பைச் சேர்த்து ஹை பெர்ஃபார்மன்ஸ் என்று வையுங்கள். கேமைத் தொடங்கிவைக்கும் லாஞ்சரை அல்ல, கேமையே சேர்க்க வேண்டும்.

கேம் எதுவும் ஓடாதபோது பூஜ்யம் காட்டினால் அது நல்ல செய்தி. தூங்க வேண்டிய நேரத்தில் கார்டு தூங்குகிறது.

இன்னொன்று: டைப்-சி சார்ஜரிலோ பேட்டரியிலோ ஓடும்போது பல லேப்டாப்கள் தனி கார்டின் வேகத்தை வெகுவாகக் குறைத்துவிடும். லேப்டாப்போடு வந்த பெரிய சார்ஜரைச் சொருகிவிட்டுச் சோதியுங்கள்.

வெளி மானிட்டரை ஹெச்டிஎம்ஐயில் சொருகினால் படமே வரவில்லை. இதற்கும் கார்டுக்கும் தொடர்பு உண்டா?

நிறைய உண்டு. பல கேமிங் லேப்டாப்களில் உள்திரை உள் கிராஃபிக்ஸோடும், ஹெச்டிஎம்ஐ துளை நேரே தனி கார்டோடும் இணைக்கப்பட்டிருக்கும். தனி கார்டு அணைந்திருந்தால் அல்லது டிரைவர் கெட்டிருந்தால் ஹெச்டிஎம்ஐ ஊமையாகிவிடும். லேப்டாப் திரை மட்டும் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும். என்விடியா கன்ட்ரோல் பேனல் திறந்தால் ஃபிஸ்எக்ஸ் அமைக்கும் பக்கத்தில் ஒரு படம் இருக்கும். எந்தத் திரை எந்த ஜிபியுவிலிருந்து வருகிறது என்று கோடு போட்டுக் காட்டும். அதிகம் பேர் எட்டிப் பார்க்காத பக்கம், ஆனால் இந்தச் சந்தேகத்துக்கு அதைவிட நேரான பதில் கிடைக்காது.

கேம் நடுவில் திரை கறுத்துத் திரும்ப வருகிறது. டிரைவர் பதில் தரவில்லை, மீண்டுவிட்டது என்று செய்தி வருகிறது.

கார்டுக்குக் கொடுத்த வேலை 2 வினாடிக்குள் நகரவில்லையென்றால் விண்டோஸ் அதைத் தொங்கிவிட்டதாக எடுத்துக்கொண்டு டிரைவரை ரீசெட் செய்யும். ஈவென்ட் வியூவரில் 4101 என்ற எண்ணோடு அது பதிவாகும். மீட்க முடியாமல் போனால் வீடியோ டிடிஆர் ஃபெயிலியர் என்று நீலத் திரை. ரெஜிஸ்ட்ரியில் அந்த 2 வினாடியைக் கூட்டிவைக்கச் சொல்லி நிறைய இடத்தில் எழுதியிருப்பார்கள். வீடியோ ரெண்டர் போன்ற கனமான வேலை செய்பவர்களுக்கு அது சரிப்படலாம். கேமில் தொங்குகிற கார்டுக்கு அதைச் செய்தால் கறுப்புத் திரையை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருக்கலாம், வேறு பயனில்லை. ஓவர்கிளாக் (கார்டை இயல்பைவிட வேகமாக ஓட்டுவது) செய்திருந்தால் எடுங்கள், ஃபேன் தூசியைத் துடையுங்கள், ஒரு பதிப்பு பழைய டிரைவருக்குப் போய்ப் பாருங்கள், இதே வரிசையில்.

திரை கறுத்து அப்படியே நின்றுவிட்டால் விண்டோஸ் கீ, கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கையும் சேர்த்து அழுத்துங்கள். ஒரு பீப் கேட்டு டிரைவர் ரீசெட் ஆகும். திறந்திருக்கும் கோப்புகளுக்கு ஒன்றும் ஆகாது.

லினக்ஸில் கார்டைக் காணோம்.

இணைந்திருக்கும் பாகங்களைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ (lspci) கட்டளையின் முழு விடையையும் படியுங்கள். இணையத்தில் கிடைக்கும் குறிப்புகள் பலவும் விடையில் விஜிஏ என்ற சொல் உள்ள வரியை மட்டும் வடிகட்டச் சொல்லும். திரையோடு நேரடி இணைப்பு இல்லாத லேப்டாப் என்விடியா கார்டுகள் பல அங்கே விஜிஏ என்று வராது, 3டி கன்ட்ரோலர் என்றுதான் வரும். வடிகட்டியில் சிக்காது. கார்டு இருந்தும் இல்லை என்று முடிவுகட்டுவது இப்படித்தான்.

கார்டு தெரிகிறது, என்விடியா எஸ்எம்ஐ (கார்டின் நிலையைக் காட்டும் கருவி, nvidia-smi) மட்டும் டிரைவரோடு பேச முடியவில்லை என்கிறதா? கெர்னல் (லினக்ஸின் மையப்பகுதி) அப்டேட் ஆகி, புதிய கெர்னலுக்கு மாட்யூல் (அதோடு சேரும் டிரைவர் பகுதி) கட்டப்படாமல் இருக்கலாம், ஹெடர் பேக்கேஜைப் போட்டு டிரைவரைத் திரும்ப இன்ஸ்டால் செய்யுங்கள். அல்லது செக்யூர் பூட் (கையொப்பம் ஏற்கப்படாத மென்பொருளை ஏறவிடாத பாதுகாப்பு) காரணமாக இருக்கலாம். டிரைவர் போடும்போது ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொல்லும். அடுத்த ரீஸ்டார்ட்டில் நீலத் திரையில் எம்ஓகே என்று ஒரு மெனு சில வினாடிகள் காத்திருக்கும். அதில் என்ரோல் கொடுத்து அந்தப் பாஸ்வேர்டைப் போட வேண்டும். ஏதோ பிழை என்று நினைத்துக் கன்டினியூ கொடுத்துவிட்டால் மாட்யூல் ஏறாது.

டிரைவர் வகையிலும் கவனம் தேவை. ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்கு என்விடியாவின் திறந்த கெர்னல் மாட்யூல்தான் வேண்டும், மேக்ஸ்வெல், பாஸ்கல் கார்டுகளுக்கு அது ஓடவே ஓடாது. பழையவற்றுக்கு 580 வரிசை டிரைவரோடு நின்றுவிடுங்கள். லாகில் எக்ஸ்ஐடி (Xid) 79, ஜிபியு பஸ்ஸிலிருந்து (மதர்போர்டோடு உள்ள இணைப்பு) விழுந்துவிட்டது என்று வந்தால் அதை டிரைவர் கணக்கில் சேர்க்காதீர்கள். மின்சாரம், சூடு, சிப் என்ற திசையில் தேடுங்கள்.

ஹார்டுவேர் பழுதுதான் என்று எப்படி முடிவாகச் சொல்வது?

விண்டோஸை ஆட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள். பென்டிரைவில் ஏதாவது ஒரு லைவ் லினக்ஸைப் போட்டு அதிலிருந்து பூட் செய்து எல்எஸ்பிசிஐ கொடுங்கள். எக்கோ மோடு அணைக்கப்பட்டிருக்கிறது, பயாஸ் டிஃபால்ட்டில் இருக்கிறது, மின்சாரமும் வடித்தாகிவிட்டது, இருந்தும் அங்கே கார்டு வரவில்லையென்றால் இனி எந்த டிரைவரைத் தேடியும் பயனில்லை. பயாஸ் அப்டேட் ஒன்று பாக்கி இருந்தால் அதை மட்டும் செய்து பார்க்கலாம்.

திரையில் கோடுகள், புள்ளிகள் வந்தால் அவை எங்கே வருகின்றன என்று பாருங்கள். கலப்பு லேப்டாப்பில் பயாஸ் திரையிலும் கோடு வந்தால் தனி கார்டு பெரும்பாலும் குற்றவாளி இல்லை. திரை, அதன் கேபிள், ரேம் இவற்றைப் பாருங்கள். வெளி மானிட்டரில் படம் சுத்தமாக இருந்தால் திரையோ கேபிளோதான்.

சிப்பைச் சூடாக்கிச் சரிசெய்யலாம் என்கிறார்களே?

பெரும்பாலான லேப்டாப்களில் கார்டு கழற்றக்கூடியது அல்ல, சிப்பே மதர்போர்டில் பற்றவைக்கப்பட்டிருக்கும். பழைய சில மாடல்களில் எம்எக்ஸ்எம் என்ற தனிப்பலகையில் வந்தது, அதை மட்டும் கழற்றி மாற்றலாம். ஹாட் ஏர் கன்னால் சிப்பைச் சூடாக்கினால் கொஞ்ச நாள் ஓடுவது உண்மைதான். ஆனால் பல சமயம் விரிசல் சிப்புக்கும் மதர்போர்டுக்கும் நடுவில் இருக்காது, சிப்பின் உள்ளேயே, சிலிக்கானையும் அதன் அடிப்பலகையையும் இணைக்கும் நுண்ணிய முடிச்சுகளில் இருக்கும். 2008 ஜூலையில் என்விடியா தன் லேப்டாப் சிப்களின் பேக்கேஜிங் பொருளில் இருந்த பலவீனத்துக்காக 15 கோடி முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்கிவைப்பதாக அறிவித்தது இப்படிப்பட்ட கோளாறுக்குத்தான். வெளியிலிருந்து சூடு காட்டினால் அந்த முடிச்சுகள் தற்காலிகமாக ஒட்டும், சில வாரம் கழித்துத் திரும்ப விடும். சிப்பையே மாற்றித் தருகிறோம் என்று சொல்பவரிடம் கொடுக்கலாம். சூடாக்கித் தருகிறோம் என்பவரிடம் கொடுக்க வேண்டாம். வாரன்டி இருந்தால் திருகாணியைக்கூடத் தொடாமல் சர்வீஸ் சென்டருக்குப் போங்கள்.

சரிசெய்ய வசதிப்படவில்லை. தனி கார்டு இல்லாமலே ஓட்டலாமா?

தாராளமாக ஓட்டலாம். எழுத்து வேலை, வீடியோ பார்ப்பது, புரோகிராமிங், சின்ன கேம்கள் எல்லாவற்றுக்கும் உள் கிராஃபிக்ஸ் போதும். அரைகுறையாகச் செத்த கார்டுதான் தொல்லை: விண்டோஸ் அதை எழுப்பப் பார்க்கும், அது விழும், கூடவே லேப்டாப்பும் தொங்கும். பயாஸில் யுஎம்ஏ இருந்தால் அதற்கு மாற்றுங்கள், எக்கோ மோடு இருந்தால் அதில் வையுங்கள். இரண்டும் இல்லையென்றால் டிவைஸ் மேனேஜரில் அந்தக் கார்டை டிசேபிள் செய்துவிடுங்கள். அன்இன்ஸ்டால் செய்யாதீர்கள், செய்தால் அடுத்த ரீஸ்டார்ட்டில் விண்டோஸ் அதைப் புதிதாகக் கண்டுபிடித்து டிரைவரைத் திரும்பப் போட்டுவிடும்.